லவினோவின் கோபம் யார்மேல்? ஆப்பிரிக்கக் கவிதையில் மரபும் மேற்கும்

நெய்தல்நாடன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே.

ஆப்பிரிக்கக் கவிதை என்று பேச்சு வந்தாலே நம்மிடம் ஒரு வாய்பாடு தயாராக இருக்கிறது. ஒரு பக்கம் முரசு, இன்னொரு பக்கம் பியானோ. ஒரு பக்கம் பாட்டி, இன்னொரு பக்கம் பாதிரியார். நடுவில் கவிஞர் நின்று தவிக்கிறார். இதை வைத்துக்கொண்டு படித்தால் பிடிபடாமல் போகிற ஒரு நெடுங்கவிதையைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. ஒகோட் பிபிடெக் எழுதிய 'லவினோவின் பாட்டு'. 1966-இல் நைரோபியில் வெளியானது.

ஒகோட் 1931-இல் உகாண்டாவின் வடக்கே குலுவில் பிறந்தவர், அச்சோலி இனத்தவர். அம்மா பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். மகன் உகாண்டா கால்பந்து அணியில் ஆடினார். 1956-இல் அணியோடு பிரிட்டன் போனவர், அங்கேயே தங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பிரிஸ்டலில் கல்வியியல், அபெரிஸ்ட்வித்தில் சட்டம், ஆக்ஸ்ஃபோர்டில் மானுடவியல். மேற்கை எட்டி நின்று பார்த்துத் திட்டியவர் இல்லை இவர். அதன் பெரிய வாசல்கள் வழியாகவே உள்ளே போய் வந்தவர்.

கவிதை இதுதான். லவினோ பள்ளிக்கூடம் போகாத அச்சோலிப் பெண். கணவன் ஒச்சோல் பெரிய படிப்புப் படித்தவன். படித்து வந்தபின் அவளை அவனுக்குப் பிடிக்கவில்லை. க்ளெமன்டைன் என்கிற நாகரிகப் பெண்ணோடு சேர்ந்துகொள்கிறான். லவினோ தன் குலத்தாரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறாள். பதின்மூன்று பகுதிகள், மொத்தமும் அவள் வாயால். சமையல், நடனம், தலைமுடி, பெயர், கடவுள், மருந்து, கட்சி அரசியல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு வழக்காடுகிறாள்.

ஒரு இடத்தை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒச்சோலின் வீட்டில் பெரிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் சத்தமும் அது மணியடிப்பதும் லவினோவுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது, மணி பார்க்க மட்டும் தெரியாது. குழந்தை அழுதால் பால் கொடுப்பாள், அதற்கென்று ஒரு மணி அவளிடம் கிடையாது. ஒச்சோலுக்கோ எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு, நேரம் வீணாகிறது என்று எப்போதும் எரிச்சல். வீட்டுக்கு யாராவது வந்தால் அவன் முகம் கறுத்துவிடுகிறது. உள்ளே வாருங்கள் என்று கூப்பிடுவதில்லை. 'உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?' என்று அலுவலகத்தில் கேட்பதுபோல் கேட்கிறான். லவினோவுக்குக் கடிகாரத்தின்மேல் கோபமே இல்லை. வந்தவரை வாசலில் நிறுத்தி வைக்கிறவன்மேல்தான் கோபம்.

கவிதை முழுக்க இந்தப் பிரிவினை இருக்கிறது. அந்நியர்களின் வழக்கங்கள் எனக்குப் புரிவதில்லை, ஆனால் நான் அவற்றை இகழவில்லை, நீ ஏன் உன்னுடையதை இகழ்கிறாய் என்று அவள் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறாள். வெள்ளைக்காரர்களின் முடி அவர்களுக்கு அழகு, எங்கள் முடி எங்களுக்கு அழகு. அவர்கள் மருந்தும் வேலை செய்யும், எங்கள் வேரும் வேலை செய்யும். சாவு வந்து கூப்பிட்டால் தாயத்தும் நிற்காது, சிலுவையும் நிற்காது. இப்படிப் பேசுகிறவளைப் பழமைவாதி என்று முத்திரை குத்துவது எப்படி?

திரும்பத் திரும்ப வரும் அந்தப் பூசணிக் கொடிக்கு வருகிறேன். பழைய வீட்டடியில் இருக்கும் பூசணியைப் பிடுங்காதே என்பது அச்சோலிப் பழமொழி. வீட்டை மாற்றிக்கொண்டு வேறு இடம் போனாலும் பழைய மனையில் பூசணி தானாகப் படர்ந்து காய்த்துக்கொண்டிருக்கும். வழியில் போகிறவர் பறித்துத் தின்னலாம், பஞ்ச காலத்தில் வயிற்றுக்கு ஆகும். புது வீடு கட்டுவதற்கு அதைப் பிடுங்க வேண்டிய தேவையே இல்லை. அப்படியும் ஒருவன் பிடுங்கினால் அது வெறும் அழிவு வேலை. பழைய வீட்டிலேயே குடியிரு என்று லவினோ எங்கும் சொல்லவில்லை.

மரபுக்கும் மேற்குக்கும் நடக்கும் சண்டையாக நான் இதைப் படிக்கவில்லை. படித்தவன் தன் சொந்தக்காரர்கள்மேல் காட்டும் இளக்காரம்தான் இதன் பொருள். நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

தாளக்கட்டு எழுதியது:

நாடன் அண்ணா, இழைக்கு நன்றி. ஆனால் முரசையும் பியானோவையும் வாய்பாடு என்று ஒதுக்கியது நைஜீரியக் கவிஞர் கேப்ரியல் ஒகாராவுக்கு அநியாயம்.

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் பலரும் 'பியானோவும் முரசுகளும்' கவிதையைத் தேர்வுக்காகப் படித்திருப்போம். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 'பண்பாட்டு மோதல்' என்று எழுதி முடித்திருப்போம். நிதானமாகப் படித்தால் வேறு ஒன்று தெரியும். விடியற்காலை, ஆற்றங்கரை. முரசு கேட்கிறது. கேட்டதும் அவருக்கு ரத்தம் ஏறுகிறது, பாயக் காத்திருக்கும் சிறுத்தையும் ஈட்டியோடு பதுங்கும் வேடர்களும் தெரிகிறார்கள், தாய்மடிக் குழந்தையாகிவிடுகிறார். அப்புறம் பியானோ. அது அழுகிறது. இசைக் கலைச்சொற்கள் வரிசையாக வந்து குவிகின்றன, பியானோவின் சிக்கல் அந்தச் சொற்களிலேயே தெரிகிறது. ஒரு வாக்கியத்தின் நடுவே கத்திமுனையில் போய் நின்றுவிடுகிறது. கடைசியில் அவர் இரண்டில் எதையும் எடுக்கவில்லை. ஒரு யுகத்தின் காலை மூடுபனியில் வழி தெரியாமல், இரண்டு இசைக்குள்ளும் அலைந்துகொண்டே இருக்கிறார்.

லவினோ உறுதியாகப் பேசுகிறாள், சரி. ஆனால் அவள் பியானோவைக் கேட்டதே இல்லை. ஒகாரா கேட்டிருக்கிறார், அவருக்கு அதுவும் பிடித்திருக்கிறது. அதுதான் அவருடைய கஷ்டம். நைஜர் டெல்டாவின் இஜோ மீனவர்கள் நடுவே 1921-இல் பிறந்தவர், அரசு அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை பார்த்தவர். அவருடைய கவிதைக் கையெழுத்துப் பிரதிகளில் பல நைஜீரிய உள்நாட்டுப் போரில் போய்விட்டன. முதல் தொகுப்பு வரும்போது 1978. 2019-இல், 97 வயதில் இறந்தார். அவர் தவிப்பைத் தவிப்பாகவே விட்டுவைத்ததை நான் நேர்மை என்பேன்.

கூடல்மகள் எழுதியது:

எனக்கு லவினோவைப் பிடிக்கும். ஆனால் அண்ணா, நீங்கள் அவளை ரொம்பவும் நல்லவளாக்கிவிட்டீர்கள்.

க்ளெமன்டைனை அவள் என்ன பேச்சுப் பேசுகிறாள் என்று ஏன் எழுதவில்லை? சாயம் பூசிய உதட்டைப் புண்ணோடு ஒப்பிடுகிறாள். பவுடர் பூசிய முகம் நள்ளிரவு ஆட்டத்துக்குக் கிளம்பும் சூனியக்காரன் முகம் என்கிறாள். நிறையக் கருக்கலைப்புச் செய்திருப்பாளோ, இரட்டைப் பிள்ளைகளைக் கழிப்பறையில் போட்டிருப்பாளோ என்றுகூடப் பேசுகிறாள். இதுவும் இளக்காரம்தான். ஒச்சோல் செய்தால் குற்றம், லவினோ செய்தால் வழக்காடுதலா?

இன்னொன்று. கணவன் இன்னொருத்தியைக் கொண்டுவந்ததில் அவளுக்கு வருத்தம் இல்லையாம். அவளுக்கு வழி விடுகிறேன், சமையலிலும் ஆட்டத்திலும் போட்டி போட்டு அவனை ஜெயிப்பேன் என்கிறாள். இந்த வரிகளை எழுதியது ஒரு ஆண். மரபின் குரலாக ஒரு பெண்ணைப் பேசவிட்டு, அந்த மரபு அவள் தலையில் ஏற்றிய சுமையைப் பற்றி அவளை வாய் திறக்க விடாமல் செய்துவிட்டார் என்பது என் வருத்தம். அரைக்கும் கல்லை அவள் எவ்வளவு ஆசையாக வர்ணிக்கிறாள்! தாய்க்கல்லின் வயிறு குழிந்திருக்கிறது என்கிறாள். அந்த வயிறு குழிய எத்தனை தலைமுறைப் பெண்களின் தோள் தேய்ந்திருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுமையைச் சொல்கிறவன் ஒச்சோல். 1970-இல் வந்த 'ஒச்சோலின் பாட்டு' பலருக்குத் தெரியாது. அதில் ஆப்பிரிக்கப் பெண்ணே என்று கூப்பிட்டு ஒரு பட்டியல் போடுகிறான். பெருக்குகிறவள், சாணமும் கரிசலும் கலந்து தரையும் சுவரும் மெழுகுகிறவள், சமைப்பவள், ஆயா, பாத்திரம் கழுவுகிறவள், நடுகிறவள், களை எடுப்பவள், அறுப்பவள், வீடு கட்டுகிறவள். வண்டி, லாரி, கழுதை எல்லாம் நீதான் என்கிறான். அந்தப் பத்தியை மட்டும் தனியாகக் கொடுத்து யார் எழுதியது என்று கேட்டால் பெண்ணியக் கவிதை என்றுதான் சொல்வோம்.

நெய்தல்நாடன் எழுதியது:

தங்கச்சி, க்ளெமன்டைனைப் பற்றிய பேச்சு கொடுமையானது. அதில் உங்களோடு வாதமே இல்லை. ஆனால் அது வந்த வழியைப் பார்க்க வேண்டும். அச்சோலியில் வசைப்பாட்டு என்று ஒரு மரபே உண்டு. ஊர் நடுவே ஆட்டக் களத்தில் ஒருவரைக் கிழித்துப் பாடுவார்கள். இளைஞர்கள் ஆடும் ஒராக் ஆட்டத்தின் பாட்டுகளில் நக்கலும் காதலும் சண்டையும் கலந்து வரும். ஒகோட் இவற்றைத் தேடிச் சேகரித்து 1974-இல் தனிப் புத்தகமாகவே போட்டார். லவினோ அந்தக் களத்தில் நின்று பாடுகிறாள். அவள் சொல்வதையெல்லாம் உண்மை என்று கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொறாமைப்பட்ட ஒரு பெண் பாடுகிறாள் என்று தெரிந்தேதான் கேட்பார்கள், தெரிந்தேதான் ரசிப்பார்கள். ஒகோட் அவளைப் புனிதப்படுத்தவில்லை என்பதற்கு நீங்கள் காட்டிய வரிகளே சாட்சி.

ஒச்சோலின் பட்டியலும் எனக்குப் பிடித்த பகுதிதான். ஆனால் அந்தப் பாட்டு எப்படி ஆரம்பிக்கிறது? வாயை மூடு, மூட்டை கட்டிக்கொண்டு போ. பெண்ணின் சுமையைப் பார்த்தவன் அதில் ஒரு கைப்பிடியைக்கூட இறக்கவில்லை, சுமந்தவளைத்தான் வெளியே அனுப்புகிறான். அதே பாட்டில் சுதந்திரத்துக்குப் பின் வசதியாகிவிட்ட ஒச்சோல், ஒழுகும் கூரையடியில் நீ படுத்துக் கிடப்பது என் குற்றமா என்று ஏழைகளைப் பார்த்துக் கேட்கிறான். பெண்ணைப் பற்றிய வரிகளை இதோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும். தன் மக்களின் துன்பம் அவனுக்கு அவமானமாகத் தெரிகிறது. அம்மா, நான் ஏன் கருப்பனாகப் பிறந்தேன் என்று அவன் கதறும் இடத்தில் எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வந்தது.

பெரியகுளம் வாத்தியார் எழுதியது:

நல்ல விவாதம். வகுப்பறையில் பல வருஷம் இந்தக் கவிதைகளை நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

ஒச்சோல் மாதிரி ஆளை முதன்முதலில் கவிதையில் நிறுத்தியவர் ஒகோட் இல்லை. பிரெஞ்சில் எழுதிய டேவிட் தியோப் அதற்கு முன்பே நிறுத்தினார். 1956-இல் வந்த அவருடைய ஒரே தொகுப்பில் 'துரோகி' என்று ஒரு சிறு கவிதை. தங்கச் சட்டமிட்ட கண்ணாடி, பட்டு மடிப்பு வைத்த கோட்டு, எஜமானின் பேச்சால் நீலமாகிவிட்ட கண்கள். பளபளக்கும் பல்லோடு வரவேற்பறைகளில் நின்று வெள்ளையர்களுக்கு ஆமாம் போடும் ஒருவனை 'என் சகோதரனே' என்று அழைத்துப் பேசுகிறார். உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்கிறார். தியோப் பிறந்தது போர்தோவில். அப்பா செனகல்காரர், அம்மா கேமரூன்காரர். பிரான்ஸில் வளர்ந்து, ஆப்பிரிக்காவைத் தொலைவிலிருந்தே பெரும்பாலும் எழுதியவர். 1960-இல், டாக்கர் கடற்கரைக்கு அப்பால் நடந்த விமான விபத்தில் இறந்தபோது வயது 33.

அவருக்கு முன்னால் செங்கோர். நெக்ரிட்யூட் என்ற கருப்பினத் தன்னுணர்வு இயக்கத்தின் பெரிய கவிஞர், பிற்பாடு செனகலின் முதல் குடியரசுத் தலைவர். முகமூடிகளை நோக்கி அவர் எழுதிய வேண்டுதலில், வெள்ளை மாவு எழும்ப வேண்டுமானால் எங்கள் புளிப்பு வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி வரும். இயந்திரங்களாலும் பீரங்கிகளாலும் செத்துப்போன உலகத்துக்குத் தாளத்தைச் சொல்லித்தர வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். மரபை அவர் காப்பாற்ற வேண்டிய பொருளாகப் பார்க்கவில்லை, உலகத்துக்குக் கொடுக்க வேண்டிய பொருளாகப் பார்த்தார். அதே செங்கோர் 1983-இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வான முதல் ஆப்பிரிக்கர். இதை முரண் என்று பலர் குத்திக்காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பிரெஞ்சையும் தன் சேரேர் இனத்துக் கிராமத்தையும் ஒரே கைகளால் தொட்ட மனிதர் அவர்.

இளைய தலைமுறைக்கு இந்தப் பெருமிதம் பிடிக்கவில்லை. புலி தன் புலித்தன்மையைப் பறைசாற்றாது, பாயும் என்று நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயின்கா சொன்னது எல்லோருக்கும் தெரியும். 1962-இல் கம்பாலாவின் மகெரெரே கல்லூரியில் நடந்த எழுத்தாளர் மாநாட்டோடு சேர்த்து அது நினைக்கப்படுகிறது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவர் பக்கமே அம்பு திரும்பியது. நைஜீரிய விமர்சகர் சின்வெய்சுவும் அவருடைய நண்பர்களும், சோயின்கா, ஒகிக்போ, ஜே. பி. கிளார்க் என்ற மூன்று நைஜீரியக் கவிஞர்களும் ஐரோப்பிய நவீனத்துவத்தைக் காப்பியடித்துப் புரியாமல் எழுதுகிறார்கள், வாய்மொழிப் பாட்டின் தெளிவு இல்லை என்று தாக்கினார்கள். சோயின்கா பதிலுக்கு, ஆப்பிரிக்க மரபு என்றாலே எளிமை என்று நினைப்பது டார்ஜான் படம் பார்த்து வந்த ஆப்பிரிக்கா என்று திருப்பி அடித்தார். யொருபா மக்கள் குறி சொல்லும்போது ஓதும் இஃபா செய்யுள்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மரபிலேயே எவ்வளவு இருளும் சிக்கலும் இருக்கிறது என்று. இந்த விஷயத்தில் நான் சோயின்கா பக்கம்.

ஒகிக்போவை எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஊரில் ஓடும் இடோட்டோ ஆற்றின் அன்னை முன்னால் வெற்றுடம்போடு, ஊதாரிப் பிள்ளையாக நிற்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். ஊதாரிப் பிள்ளை பைபிளிலிருந்து வந்தவன், ஆற்றுத் தெய்வம் இக்போக்களுடையது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், தாத்தாவோ அந்தத் தெய்வத்தின் பூசாரி. பைபிள் பிள்ளை ஆற்றுத் தாயிடம் திரும்பி வருகிறான். இந்த இரண்டையும் பிரித்தெடுத்துவிட்டால் கவிதையே இல்லை. 1967-இல், பியாஃப்ரா போரில் (அந்த நைஜீரிய உள்நாட்டுப் போர்தான்) இன்சுக்கா அருகே துப்பாக்கியோடு செத்துப்போனார். 35 வயதுதான்.

புதுவரவு எழுதியது:

நான் இந்தப் பக்கத்துக்குப் புதிது, ஐயா. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு சந்தேகம். இவர்கள் எல்லாரும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தானே எழுதுகிறார்கள்? மரபை விடாதே என்று சொல்லும் லவினோவே ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். அவளுக்கு அது தெரியாத மொழி இல்லையா?

பெரியகுளம் வாத்தியார் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி தம்பி, தயங்காதே.

லவினோ முதலில் அச்சோலியில்தான் பாடினாள். ஒகோட் முதலில் எழுதியது 'வெர் பா லவினோ'. அதைத் தானே ஆங்கிலமாக்கினார், ஆங்கிலம் 1966-இல் வந்தது, அச்சோலி மூலம் 1969-இல்தான் அச்சேறியது. ஆங்கிலப் பதிப்பின் முகப்பிலேயே, கழுகின் இறக்கையைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன், வீரனின் வாளை மழுங்கடித்துவிட்டேன் என்ற மாதிரி ஒப்புக்கொள்கிறார். மூலத்தில் இருந்த எதுகையும் தாளமும் ஆங்கிலத்தில் போயின. அவருடைய நண்பர் தபான் லோ லியோங்குக்கு இந்த ஆங்கிலம் போதவில்லை. மூலம் இதைவிட ஆழமானது என்று சொல்லி, அவரே மறுபடி மொழிபெயர்த்து 2001-இல் வெளியிட்டார். 1965-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் இலக்கிய வறட்சியைப் பற்றிப் புலம்பிக் கட்டுரை எழுதியவரும் இதே தபான்தான். அடுத்த ஆண்டே லவினோ வந்துவிட்டாள்.

1968-இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, தபான், ஹென்றி ஒவூர் அன்யும்பா மூவரும் ஆங்கிலத் துறையையே ஒழித்துவிட்டு ஆப்பிரிக்காவை நடுவில் வைக்கும் இலக்கியத் துறை வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். வாய்மொழி இலக்கியம் பாடத்தில் வர வேண்டும் என்றார்கள். அந்த வாதத்துக்கு லவினோவைப்போல ஒரு படைப்பு கைவசம் இருந்தது பெரிய பலம் என்பது என் எண்ணம்.

மசீசி குனேனே இன்னொரு வழி போனார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி லண்டனிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்துகொண்டு, கடைசிவரை ஜூலு மொழியில் எழுதி, பிறகுதான் ஆங்கிலமாக்கினார்.

தாளக்கட்டு எழுதியது:

ஐயா, மொழியோடு குரலையும் சேர்த்துப் பேச வேண்டும் என்றால் கானாவின் கோஃபி அவூனர் வந்தே ஆக வேண்டும்.

எவே மக்களில் பிறந்தவர். பாட்டி ஒப்பாரி பாடுகிறவர். எவே ஒப்பாரிக் கவிஞர் அக்பாலுவின் பாட்டுகளைக் கேட்டு ஊறி, அந்த ஒப்பாரியின் நடையை அப்படியே ஆங்கிலத்துக்குள் இறக்கினார். 1964-இல் முதல் தொகுப்பு. அப்போது அவர் பெயர் ஜார்ஜ் அவூனர்-வில்லியம்ஸ், பிற்பாடு அந்தப் பெயரை விட்டுவிட்டார். அவருடைய துயரப் பாட்டில் ஒருவன் தன் விதி தன்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தைச் சொல்லி அழுகிறான். வீட்டு வேலி இடிந்துவிட்டது, பிள்ளைகள் போய்விட்டார்கள், முன்னோர்களே, நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறான். மேற்கைப் பற்றி அதில் ஒரு பேச்சும் கிடையாது. ஆனால் ஒரு சமூகம் உள்ளுக்குள் நொறுங்கியது வரிக்கு வரி தெரிகிறது.

நேரடியாகச் சொன்ன கவிதையும் உண்டு, 'தேவாலயம்'. சில வரிகள்தான். இந்த அழுக்கு நிலத்தில் முன்பு ஒரு மரம் நின்றது, இளம் சோளப் பயிர்மேல் அதன் வாசனை இறங்கியது. அளவெடுப்பவர்களையும் கட்டுகிறவர்களையும் அனுப்பினார்கள். மரத்தை வெட்டினார்கள். அங்கே பெரிய, அர்த்தமற்ற, அழிவின் தேவாலயம் ஒன்றை நட்டார்கள். கட்டினார்கள் என்று அவர் எழுதவில்லை, நட்டார்கள் என்றே எழுதுகிறார். நாடன் அண்ணாவின் 'இளக்காரம்' இங்கே பொருந்தாது. இங்கே நடந்தது நிலப்பறிப்பு. மரத்தை வெட்டியது சொந்த ஊர் ஒச்சோல் இல்லை, வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள்.

அவூனர் 2013 செப்டம்பர் 21-இல் நைரோபியின் வெஸ்ட்கேட் வணிக வளாகத் தாக்குதலில் கொல்லப்பட்டார். இலக்கிய விழாவுக்காக வந்திருந்தார்.

கூடல்மகள் எழுதியது:

பெண்ணின் குரல் பெண்ணிடமிருந்தே வந்த ஒரு கவிதையைச் சொல்லாமல் இந்த இழையை விட்டுப் போக எனக்கு மனமில்லை. கென்யாவின் மிஷெரே கிதாயே மூகோ. 1976-இல் வந்த தொகுப்பில் 'அந்தப் பாட்டெல்லாம் எங்கே' என்று ஒரு கவிதை.

என் அம்மாவும் உன் அம்மாவும் பாடிய பாட்டெல்லாம் எங்கே என்று ஆரம்பிக்கிறது. சோளம் அறுக்கும்போது என்ன பாடினார்கள்? கம்பு அடிக்கும்போது? தானியத்தைக் குதிரில் கொட்டும்போது? நம்மைக் குளிப்பாட்டும்போது? பானையைக் கிளறிக்கொண்டே பாடியதில் பாதி அடுப்புப் புகையில் விழுங்கப்பட்டுவிட்டதே, அது என்ன பாட்டு? எனக்கு ஞாபகம் இல்லை என்கிறாள். லவினோவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இவளுக்கு எதுவும் இல்லை, ஆனால் பாட்டு இருந்தது என்று தெரியும். படித்த பெண்ணின் நிலை இது. இவள் ஒச்சோலைப்போல இகழவும் இல்லை, லவினோவைப்போல உள்ளே இருக்கவும் இல்லை.

அந்தப் புகையைக் கவனியுங்கள். பாட்டையும் சொல்கிறாள், தொண்டை அடைத்ததையும் சொல்கிறாள். அரைக்கும் கல்லிடம் நான் தேடியது இதைத்தான். மிஷெரே 1980-இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் புலத் தலைவரானார், 1982-இல் ஆட்சியாளர்களின் நெருக்குதலால் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது, 2023-இல் அமெரிக்காவில் இறந்தார். விரட்டியது சுதந்திர கென்யாவின் அரசு. அதனால் நாடன் அண்ணா சொல்லும் ஒச்சோல்கள் கவிதைக்குள் மட்டும் இருக்கவில்லை என்பதை நானும் ஏற்கிறேன்.

புதுவரவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எதிலிருந்து ஆரம்பிப்பது? லவினோ நீளம் என்கிறார்களே?

நெய்தல்நாடன் எழுதியது:

நீளம்தான் தம்பி, ஆனால் படிக்கச் சிரமமே இல்லை. சின்னச் சின்ன வரிகள், பேச்சு நடை. முதலில் இரண்டாம் பகுதியைப் படியுங்கள், க்ளெமன்டைன் வருவது அங்கேதான். அப்புறம் ஏழாம் பகுதி, அந்தக் கடிகாரம். அப்புறம் நேராகப் பதினொன்றுக்குப் போங்கள்.

பதினொன்றைப் பற்றி இந்த இழையில் யாரும் பேசவில்லை. தாளக்கட்டு கேட்ட நிலப்பறிப்புக் கேள்விக்கும் அதில் கொஞ்சம் பதில் இருக்கிறது. உகாண்டா 1962-இல் சுதந்திரம் அடைந்தது. ஒச்சோல் ஜனநாயகக் கட்சியில், அவன் தம்பி காங்கிரஸ் கட்சியில். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஒற்றுமை, அமைதி என்று மேடையில் முழங்குகிறவன் சொந்தத் தம்பியை வீட்டு வாசலில் சேர்ப்பதில்லை. சுதந்திரம் ஒரு காட்டெருமைபோல விழுகிறது என்கிறாள் லவினோ. வேட்டைக்காரர்கள் பளபளக்கும் கத்தியோடு ஓடுகிறார்கள், கூறு போட. நெஞ்சு ஒடுங்கியவனைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு கட்சியும் ஏழையின் வறுமையோடு சண்டை போடவில்லை, ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று படிக்காத பெண் கண்டுகொள்கிறாள். மரபா மேற்கா என்ற கேள்வி அங்கே யார் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வியாகிவிடுகிறது. இதை எழுதிய ஒகோட் அதே 1966-இல் கம்பாலா தேசியப் பண்பாட்டு மையத்தின் இயக்குநரானார். சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. அரசுக்கு ஆகாதவராகி வெளியேறி, சர்வாதிகாரி இடி அமீனின் காலம் முழுக்க வெளிநாட்டில் பாடம் நடத்தினார். 1982-இல் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் இறந்துபோனார். 51 வயது.

பெரியகுளம் வாத்தியார் எழுதியது:

நாடன் சொன்ன வரிசைக்குப் பிறகு 'ஒச்சோலின் பாட்டை'யும் கடைசிப் பகுதிவரை படித்துவிடு தம்பி. பூசணியும் வேண்டாம், பழைய மனையும் வேண்டாம் என்று சபித்துவிட்டு, புது நகரம் கட்டுவேன் என்கிறான். பெல்ஜியத்தின் மன்னர் லியோபோல்டுக்கும் ஜெர்மனியின் பிஸ்மார்க்குக்கும் நினைவுச் சின்னம் வைப்பானாம். நவீன ஆப்பிரிக்காவை உருவாக்கியவர்கள் அவர்கள்தானாம். காங்கோவில் லியோபோல்டு செய்த கொலைகள் தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது வயிறு கலங்கும். ஜூலு அரசன் ஷாகாவைப் பற்றிப் பேச்சு வரும்போது, சொந்தச் சகோதரர்களால் கொல்லப்பட்டுத் தோற்றுப்போனவனை எப்படிப் புகழ்வது, தோற்றவர்களுக்குப் பெருமிதமான கவிதை எழுத முடியுமா என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறான். பாட்டு அந்தக் கேள்வியோடு முடிகிறது.

அது 1970. குனேனே ஜூலுவில் எழுதி ஆங்கிலமாக்கிய ஷாகா காப்பியம் 1979-இல் வெளிவந்தது. ஒச்சோலுக்குப் பதில் சொல்ல அவர் எழுதவில்லை, ஜூலு அரசவைப் புகழ்ப்பாட்டின் நீட்சியாகத்தான் எழுதினார். இருந்தாலும் வகுப்பில் நான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தே நடத்துவேன். அந்தக் காப்பியத்தை முழுசாகப் படித்தவர்கள் இங்கே இருந்தால், தனி இழையே தொடங்குங்கள். அதில் ஷாகாவின் தாய் நண்டியைப் பற்றிய பகுதிகளைக் கூடல்மகள் எழுதினால் எனக்குச் சந்தோஷம்.